பின்சில்லு ஆடுகிறதா? சைக்கிள் ஹப்பைப் பழுது பார்ப்பதும் மாற்றுவதும்



நமது கைவேலைப் பாட வரிசையில் இம்முறை சைக்கிளின் பின் ஹப்பை எடுத்துக்கொள்கிறோம். "மலையில இருக்கிற எங்களுக்கு சைக்கிள் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் மிதித்துக்கொண்டும் போகிறவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். பெக்டரி வேலைக்குப் போகிறவர், பாண் பெட்டி கட்டி லயம் லயமாகப் போகிறவர், டவுன் பாடசாலைக்குப் போகிற பிள்ளை என்று பலர். களுத்துறை, காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்களில் சைக்கிள் பாவனை இன்னும் கூட. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தவர்கள் ஏராளம்.

ஆனால் துடைத்து எடுத்தவர்களில் பலர் டயரையும் டியூபையும் மட்டும்தான் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் ஹப்பை யாரும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் அது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலாளியின் பின்சில்லு இரண்டு மாதமாக "கடக் கடக்" என்று சத்தம் போட்டது. "ஓடுதுதானே" என்று விட்டுவிட்டார். ஒரு நாள் இறக்கத்து முடக்கில் பின் அச்சு முறிந்து ஆளைத் தூக்கிப் போட்டது. தோள் எலும்பு விலகியது. பல கிழமை பேர் இல்லை, சம்பளம் இல்லை, வீட்டில் அடுப்பெரிக்க அம்மா ஒருத்தியின் கொழுந்துக் காசு மட்டும். ஒரு கைப்பிடி குண்டும் கொஞ்சம் கிரீஸும் தடுத்திருக்கக்கூடிய விபத்து அது. அதனால்தான் இந்தப் பாடம்.

கரையோரத்திலிருந்து ஒரு பாடம்

சைக்கிளைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் கிழக்குக் கரையோரத்துக்குப் போக வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, சம்மாந்துறை எல்லாம் தட்டை நிலம். வீட்டுக்கு வீடு சைக்கிள். மீன்காரர் பெட்டி கட்டிப் போவதும், விறகு கட்டிப் போவதும், நெல் மூட்டையைக் கரியரில் வைத்துத் தள்ளிப் போவதும் அங்கே வழமை.

கல்முனைக்கு மேற்கே, நாவிதன்வெளிப் பிரதேசத்தில் சொறிக்கல்முனை என்ற ஊர் இருக்கிறது. செப்டம்பர் மாதத்தில் நடக்கும் திருச்சிலுவைத் திருவிழாவால் பலருக்கும் தெரிந்த ஊர். அந்தப் பக்கத்து மக்கள் கல்முனைச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதற்குக் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டுகிறார்கள். வடகீழ்ப் பருவ மழை கொட்டும் மாதங்களில் அந்தத் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாயும். போக்குவரத்து நின்றுபோவதும் உண்டு.

இதில் ஹப்புக்கு என்ன சம்பந்தம்? 28 அங்குலச் சில்லின் நடு அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 14 அங்குல உயரத்தில் இருக்கிறது. அதாவது ஓர் அடிக்குச் சற்று மேல். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றாலே ஹப் நனையத் தொடங்கும். அந்தத் தண்ணீர் கிரீஸைக் கழுவி, கூடவே மணலையும் உள்ளே கொண்டுபோய் விடும். தண்ணீர் வற்றிய பிறகு மணல் மட்டும் தங்கி நின்று அரைக்கும். நனைந்த அன்று ஒரு சத்தமும் வராது. இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் கரகரப்புத் தொடங்கும். மீன் பெட்டி கட்டுகிற சைக்கிளுக்கோ வருடம் முழுக்க மழைக்காலம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேரே பின் ஹப்பில்தான் விழுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளம் பாய்கிற தாம்போதியை சைக்கிளிலோ வேறு வாகனத்திலோ தாண்டவே கூடாது. 2024 நவம்பரில் அதே மாவட்டத்தில், காரைதீவு மாவடிப்பள்ளிப் பாதையில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. ஹப்பை மாற்றலாம், உயிரை மாற்ற முடியாது.

நம்முடைய மலையில் தாம்போதி இல்லாவிட்டாலும், பீலித் தண்ணீரை நேரே ஹப்பில் பீச்சிக் கழுவுகிறோம். ஓடையில் சைக்கிளைப் படுக்க வைத்துத் தேய்க்கிறோம். மழையில் லயத்து வாசலில் நனைய விடுகிறோம். பலன் ஒன்றுதான்.

ஹப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

சில்லின் நடுவில் ஸ்போக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உருளைதான் ஹப். அதன் இரண்டு பக்கத்திலும் கிண்ணம் போல ஒவ்வொரு கப் இருக்கும். கப்பில் இரும்புக் குண்டுகள். கடையில் போல்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். நடுவே அச்சு போகிறது. அச்சின் மரையில் இரண்டு கோன்கள் ஏறி, குண்டுகளை மெல்ல அழுத்திப் பிடிக்கின்றன. கோன் அசையாமல் இருக்க மேலே வாசரும் லொக் நட்டும். வலது பக்கம் செயின் ஓடுகிற பல்சக்கரம், அதாவது பிரீவீல், ஹப்பின் மரையில் திருகி இருக்கும்.

குண்டு எதற்கு? பாரமான பெட்டியை நிலத்தில் இழுத்தால் நகராது, அடியில் உருளைக் கட்டை வைத்தால் ஒரு கையால் தள்ளலாம். அதே தத்துவம். பிரான்சில் ஜூல் சூரிரே என்ற மெக்கானிக் 1869இல் சைக்கிளுக்குக் குண்டு வைத்த ஹப்புக்குக் காப்புரிமை எடுத்தார். அதே வருடம் நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டப் போட்டியில் குண்டு வைத்த சைக்கிளில் ஜேம்ஸ் மூர் முதலாவதாக வந்தார். நமது கணக்கில் சொன்னால், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட 1867க்கு இரண்டு வருடம் பின்னால். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டதும் அதே 1869இல்தான். அன்று வந்த குண்டுகள் இன்றும் நம் சைக்கிளில் ஓடுகின்றன.

பழுதைக் கண்டுபிடிக்கும் விதம்

1. பின்சில்லைத் தூக்கி, ரிம்மை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

2. சில்லைச் சுற்றிவிட்டு, சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் காதை வைத்துக் கேளுங்கள். மணல் அரைக்கிற சத்தம் பிரேம் வழியாகத் தெளிவாக வரும்.

3. பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் உரசுகிறதா? ரிம் கோணலாக இருக்கலாம். ரிம் நேராக இருந்தும் உரசும் இடம் மாறி மாறி வந்தால் ஹப்பைச் சந்தேகியுங்கள். ஆடுகிற சில்லில் பிரேக் சரியாகப் பிடிக்காது. இறக்கத்தில் இதுதான் ஆளைக் கொல்லும்.

4. சில்லு சுற்றும்போது பிரீவீல் மட்டும் கொஞ்சம் நெளிந்து தெரிவதுண்டு. பலர் இதைப் பார்த்துப் பயந்து ஹப்பை மாற்றி விடுகிறார்கள். சிறிய நெளிவு பெரும்பாலும் பிரீவீலின் இயல்பு. ரிம் ஆடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தேவையானவை

ஸ்பெனர்கள், மெல்லிய கோன் ஸ்பெனர், கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய துணி, பழைய பற்தூரிகை, வெள்ளைத் துணி ஒன்று, ஒரு துண்டுக் கம்பி. மண்ணெண்ணெய் வேலையை அடுப்படியில் செய்யாதீர்கள். வாசலில் வெளிச்சத்தில் வையுங்கள். குண்டுகள் சின்னப் பிள்ளைகளின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முறை

சைக்கிளைச் சாக்கின் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். பின் நட் இரண்டையும் தளர்த்தி, செயினைப் பல்லிலிருந்து இறக்கி, சில்லை வெளியே எடுங்கள். மட்காட் கம்பி, கரியர் கால், வாசர் எல்லாம் அச்சில்தான் கோர்த்திருக்கும். கழற்றக் கழற்ற அதே வரிசையில் துண்டுக் கம்பியில் கோர்த்து வையுங்கள். வலப் பக்கத்துக்கு ஒரு கம்பி, இடப் பக்கத்துக்கு ஒரு கம்பி. திரும்பப் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டி வராது.

வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் சில்லை வையுங்கள். இடப் பக்கத்து லொக் நட்டைத் திறந்து, வாசரை எடுத்து, கோனைக் கழற்றுங்கள். வலப் பக்கத்துக் கோனை அசைக்க வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருந்தால் சில்லு பழைய நடுவிலேயே நிற்கும். அச்சை வலப் பக்கமாக மெதுவாக இழுங்கள். குண்டுகள் துணியில் விழும். எண்ணுங்கள். சாதாரண பெரிய சைக்கிளின் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டு, ஒவ்வொன்றும் கால் அங்குலம். முன் ஹப்பின் குண்டு இதைவிடச் சிறியது. சில சைக்கிளில் குண்டுகள் தகட்டு வளையத்தில் கோர்த்து வரும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்துத்தான் திரும்பப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காய விடுங்கள்.

பார்த்துத் தீர்மானித்தல்

இனிமேல்தான் முக்கியமான வேலை. கோனின் முகத்தைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றிவர ஒரே சீரான பளபளப்புக் கோடு இருந்தால் நல்லது. அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தால் அது முடிந்த கோன். நகத்தால் தடவினாலே குழி தெரியும். கப்பையும் அதேபோல விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். அச்சைக் கண்ணாடித் தட்டின் மேல் உருட்டுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தால் அச்சு வளைந்திருக்கிறது. வளைந்த அச்சைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தவே வேண்டாம். அடித்த இடத்தில்தான் பிறகு முறியும்.

எதை மாற்றுவது என்பதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

குண்டுகள் மங்கி, கோனும் கப்பும் நல்லபடி இருந்தால், குண்டும் கிரீஸும் போதும்.

கோனில் குழி இருந்தால் கோனும் குண்டும் மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது.

அச்சு வளைந்திருந்தால் அல்லது மரை தேய்ந்திருந்தால் அச்சு மாற்ற வேண்டும்.

கப்பில் குழி, கப் ஹப்புக்குள் தளர்ந்து சுழலுதல், ஸ்போக் கோர்க்கும் விளிம்பில் வெடிப்பு, பிரீவீல் ஏறும் மரை கெட்டிருத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹப்பையே மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி.

கடைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். "பெரிய சைக்கிள் கோன்" என்று வாயால் கேட்டால் ஏதாவது ஒன்றைத் தருவார்கள். அச்சின் மரையில் நட் கையாலேயே ஓட வேண்டும். ஸ்பெனரால் முறுக்கித்தான் ஏறுகிறது என்றால் மரை வேறு. குண்டை எப்போதும் முழுதாக மாற்றுங்கள். பழையதில் ஐந்து புதியதில் நான்கு என்று கலந்தால், தேயாத புதுக் குண்டுகளே முழுப் பாரத்தையும் தாங்கி, கோனைக் குடைந்து விடும்.

திரும்பப் பூட்டுதல்

கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்புங்கள். குண்டுகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் பதியுங்கள், கீழே விழாது. வட்டத்தில் ஒரு சிறு இடைவெளி மிஞ்ச வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கி நிரப்பினால் குண்டுகள் ஒன்றோடொன்று உரசும். அச்சைச் செருகி, இடக் கோனைக் கையால் குண்டில் முட்டும் வரை திருகுங்கள். பிறகு கால் சுற்று அளவு பின்னுக்கு விட்டு, வாசரைப் போட்டு, கோனை ஒரு ஸ்பெனரால் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள்.

இறுக்கியதும் அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் இறுக்கம் கூட. மேலும் கீழும் ஆடினால் தளர்வு. இரண்டும் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பிடிக்க மூன்று நான்கு தடவை திறந்து பூட்ட வேண்டி வரும். பொறுமை வேண்டும். "இறுக்கமா இருந்தா நல்லம்" என்று நினைப்பது தவறு. இறுகிய கோன், தளர்ந்த கோனை விடச் சீக்கிரம் குழி விழும்.

சில்லைப் பிரேமில் பூட்டி, செயினை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. டியூப் வாயைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை விடுங்கள். சில்லு தானாகவே மெல்ல ஆடி, பாரமான பக்கம் கீழே வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஹப் சரி. பிறகு செயினை மாட்டி, நடுவில் அரை அங்குலம் அளவு மேலும் கீழும் ஆடும்படி சில்லைப் பின்னுக்கு இழுத்து, சில்லு இரண்டு குழாய்க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, நட் இரண்டையும் மாறி மாறி இறுக்குங்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் இறக்கத்தில் ஏறாதீர்கள்.

ஹப்பையே மாற்றுவதானால்

ஹப் மாற்றுவது ஸ்போக் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பின்னுகிற வேலை. பழகிய கை இல்லாவிட்டால் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் கொடுப்பதற்கு முன் நாம் தெரிந்திருக்க வேண்டியவை உண்டு.

முதலாவது, ஸ்போக் துவாரங்களை எண்ணுங்கள். 36 இருக்கலாம், பழைய பெரிய சைக்கிளின் பின்சில்லில் 40 இருக்கலாம். ரிம்மும் ஹப்பும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். புது ஹப்பின் விளிம்பு பழையதன் அளவாகவே இருந்தால் பழைய கம்பிகளையே பாவிக்கலாம். விளிம்பு பெரிதானாலோ சிறிதானாலோ கம்பி நீளம் ஒத்துவராது, புதுக் கம்பிச் செலவும் சேரும்.

இரண்டாவது, பிரீவீலைச் சில்லு முழுதாக இருக்கும்போதே கழற்ற வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகி இருப்பது அது. அதன் பள்ளத்தில் பொருந்தும் கழற்றியை வைத்து, நட்டால் இலேசாகப் பிடித்து, வைஸில் இறுக்கி, ரிம்மை ஸ்டியரிங் மாதிரி இடப் பக்கமாகத் திருப்பினால் விடும். ரிம்தான் இங்கே நீண்ட கைபிடி. அவசரப்பட்டு ஸ்போக்கை வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு சின்ன உருளை. அதிலிருந்து பிரீவீலைக் கழற்றுவது பெரும்பாடு, நல்ல பிரீவீலும் ஹப்போடு சேர்ந்து வீணாகும். புது ஹப்பில் ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அடுத்த முறை எளிதாகக் கழலும்.

மூன்றாவது, கணக்குப் பாருங்கள். ஹப் விலை, கம்பி விலை, கூலி மூன்றையும் கூட்டி, பின்னிய புதுச் சில்லின் விலையோடு ஒப்பிடுங்கள். ரிம்மும் துருப்பிடித்திருந்தால் முழுச் சில்லை வாங்குவதே மலிவாக முடியலாம். ரிம் நல்லபடி இருந்தால் ஹப் மட்டும் மாற்றுவது இலாபம். இரண்டு கடையில் கேட்டு, கடதாசியில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். கடனுக்கு வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள்.

கியர் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வலப் பக்கம் ஐந்தாறு பல்சக்கரம் அடுக்கி இருப்பதால், கோனுக்கும் பிரேமுக்கும் இடையில் அச்சு நீளமாகத் தாங்கலின்றி நிற்கிறது. நீண்ட கிளை நுனியில் பாரம் தொங்கினால் முறிவது போல, அச்சும் வலப் பக்கத்தில்தான் வளையும், முறியும். பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு குழியில் இறக்காதீர்கள்.

நீண்ட நாள் பாவிக்க

சைக்கிளைத் துணி நனைத்துத் துடையுங்கள், ஹப்பில் தண்ணீர் பீச்ச வேண்டாம். ஹப் நனைந்து போனால் அந்தக் கிழமையே கழற்றிக் கிரீஸ் மாற்றுங்கள். மற்றப்படி வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்தவுடன் செய்தால் போதும். பழைய ஹப்பின் நடுவில் எண்ணெய் விடும் துவாரம் இருந்தால், மாதம் ஒருமுறை சில துளி மெசின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாக இறுகிவிடும். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்டுவதற்கு அல்ல. பிரீவீலை வீட்டில் திறக்க வேண்டாம். உள்ளே மிகச் சிறிய குண்டுகள் ஏராளம், ஒன்று தொலைந்தாலும் வேலை கெடும்.

அப்பா மட்டும் தெரிந்து வைத்திருக்கும் வேலையாக இது இருக்க வேண்டியதில்லை. கோன் ஸ்பெனரைப் பிடிக்கப் பெரிய பலம் தேவையில்லை, கவனம்தான் தேவை. வீட்டு மகளையும் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் குண்டை எண்ணச் சொல்லுங்கள். நாலைந்து வீடு சேர்ந்து கோன் ஸ்பெனரும் ஒரு டின் கிரீஸும் பொதுவாக வாங்கி வைத்தால், ஒரு லயத்துக்கே போதும்.

வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள்

1. பெரிய சைக்கிளின் பின் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு எத்தனை குண்டு? அதன் அளவு என்ன?

2. பழைய குண்டையும் புதுக் குண்டையும் ஏன் கலக்கக் கூடாது?

3. ஹப் மாற்றும்போது ஸ்போக் கம்பியை வெட்டுவதற்கு முன் எதைக் கழற்ற வேண்டும்? ஏன்?

4. இன்று மாலை உங்கள் வீட்டுச் சைக்கிளின் பின் ரிம்மை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதா, இல்லையா?

நான்காவது கேள்விக்கு "இருக்கிறது" என்று பதில் வந்தால், ஞாயிற்றுக்கிழமை வரை அந்தச் சைக்கிளில் இறக்கத்தில் போகாதீர்கள். ஞாயிறு காலை வெள்ளைத் துணியை விரித்து வேலையைத் தொடங்குங்கள். சந்தேகம் வந்தால் நலன்புரிக் காரியாலயத்துக்குச் சில்லையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.